தலைக்கு அறுபது சென்டிமீட்டர்

அக்கா இறந்த பதினோராம் நாள், சின்னவள் சமையல் மேடை ஒழுங்கு வாரியத்துக்கு ஒரு படிவம் அனுப்பினாள். பதினான்கு நாட்களுக்குள் அனுப்ப வேண்டும் என்பது விதி. மூன்று நாள் முன்னதாகவே அனுப்பிவிட்டதில் அவளுக்கு ஒரு சிறிய நிம்மதி இருந்தது. அந்த நாட்களில் நிம்மதி என்று சொல்லிக்கொள்ள வேறு எதுவும் இருக்கவில்லை.

படிவத்தின் பெயர் 'குறைவு அறிவிப்பு'. வீட்டில் சமைத்துச் சாப்பிடுகிறவர்களின் எண்ணிக்கை குறைந்தால் நிரப்ப வேண்டியது. காரணம் என்ற இடத்தில் மூன்று கட்டங்கள் இருந்தன: திருமணம், வெளியூர், மற்றவை. அவள் 'மற்றவை'யில் குறியிட்டாள். ஒரு வாரத்தில் பதில் வந்தது. "தங்கள் குறைவுக்கு நன்றி."

வாரியத்தின் விதி எளிது. குடியிருப்பில் தலைக்கு அறுபது சென்டிமீட்டர் சமையல் மேடை. இருவர் இருக்கும் வீட்டுக்கு நூற்றியிருபது. ஒருவர் குறைந்தால் அறுபது சென்டிமீட்டர் கல்லை வெட்டி எடுத்துப்போவார்கள். எடுத்துப்போன கல்லை என்ன செய்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. வாரியத்தின் வாசலில் 'ஒழிந்த மேடை, ஒழுங்கான வாழ்க்கை' என்று எழுதியிருக்கும்.

படிவத்தை அனுப்பும்போதே சின்னவளுக்கு இதெல்லாம் தெரியும். ஆனால் தெரிந்திருப்பது வேறு, ஒருவர் இரும்பு டேப்போடு வந்து அடுக்களையில் நிற்பது வேறு.

பெரியவள், சின்னவள் என்றுதான் அவர்களுடைய அம்மா கூப்பிட்டாள். அம்மா போன பிறகும் அந்தப் பெயர்களே நின்றன. பெரியவள் கண்ணாடிக் கடையில் பவர் பார்ப்பவள். சின்னவளுக்குக் குடிநீர்ச் சோதனைக்கூடத்தில் வேலை. தினமும் நாற்பது பாட்டில் தண்ணீர் வரும். ஒவ்வொன்றின் மேலும் நாள், நேரம், இடம் எழுதி ஒட்டி, குளோரின் அளவு பார்த்துக் குறிக்க வேண்டும். இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. ஆகவில்லையே என்று மற்றவர்கள் வருத்தப்பட்டு ஓய்ந்தே பல வருடங்கள் ஆகியிருந்தன.

மேடையில் நான்கு சாமான்கள். கெட்டில், டோஸ்டர், மிக்ஸி, முட்டை வேகவைக்கும் கருவி. சுவரில் பிளக் பாயின்ட் ஒன்றுதான், அதுவும் இடது கோடியில். ஒன்றைப் பிடுங்கினால்தான் இன்னொன்றைச் செருக முடியும். பெரியவள் பிடுங்கிய ஒயரை அப்படியே தொங்கவிட மாட்டாள். ஈரத்துணியால் துடைத்து, சாமானின் இடுப்பைச் சுற்றி இழுத்து, பிளக்கைக் கடைசிச் சுற்றுக்குள் செருகி வைப்பாள். இருவரும் சேர்ந்து சமைத்த பதினெட்டு வருடத்தில் சின்னவள் ஒருமுறைகூட ஒயர் சுற்றியதில்லை. "நீ சுத்தினா குப்பையில கிடக்கிற கயிறு மாதிரி இருக்கும், தள்ளுடி" என்பாள் பெரியவள்.

அவளுக்கு இடது கைப் பழக்கம். அதனால் மேடையின் இடது பக்கத்தில் அவள், வலது பக்கத்தில் சின்னவள். மாறி நின்றால் முழங்கைகள் இடிக்கும். சரியாக நின்றால் காலை அவசரத்திலும் இருவரும் ஒருவர்மேல் ஒருவர் படாமல் வேலையை முடித்துவிடலாம். பதினெட்டு வருடம் அப்படித்தான் முடித்தார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை பெரியவள் வேலைக்குக் கிளம்பிப் போய், நிறுத்தத்தில் பெஞ்சில் உட்கார்ந்தாள். பேருந்து வந்தபோது எழுந்திருக்கவில்லை.

மேடை ஆய்வாளர் சனிக்கிழமை காலையில் வந்தார். ஒல்லியான மனிதர். செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளங்கையால் மேடையை ஒருமுறை தடவிவிட்டுத்தான் அளந்தார். நூற்றியிருபது சரியாக இருந்தது. நடுவில் சாக்பீஸால் கோடு போட்டார். பிறகு கெட்டிலைப் பார்த்தார். டோஸ்டரைப் பார்த்தார். குனிந்து, கழுத்தைச் சாய்த்து, நான்கையும் இன்னொரு முறை பார்த்தார்.

வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார். ஒருவர் என்றாள். எந்தக் கையால் எழுதுவாள் என்று கேட்டார். வலது என்றாள். ஆய்வாளர் பையிலிருந்து கையேட்டை எடுத்து ஒரு பக்கத்தைக் காட்டினார். வலக்கைக்காரர் ஒயரைக் கடிகாரம் சுற்றும் பக்கமாகச் சுற்றுவார், இடக்கைக்காரர் எதிர்ப்பக்கமாக. படம் போட்டிருந்தது. இந்த வீட்டில் நான்குமே எதிர்ப்பக்கமாக இருந்தன. கெட்டில் இன்னும் சூடாக இருந்தது.

"இதைச் சுத்தினவங்க எங்கே?" என்றார்.

அவள் பதில் சொல்லவில்லை. 'தயக்கம்' என்று குறித்துக்கொண்டார்.

பிறகு அவள் விளக்கினாள். இப்போது ஒயர்களைச் சுற்றுவது அவள்தான். ஆனால் அவள் எந்தப் பக்கமும் சுற்றுவதில்லை. வருடக்கணக்காக ஒரே பக்கம் வளைந்த ஒயர் அடியிலேயே அந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது. சூடான சாமானோடு ஒட்டிக் கிடந்த பிளாஸ்டிக் அந்த வளைவைப் பிடித்துவைத்துக்கொள்ளும். அவள் கையை விட்டால் போதும்.

"அதுவா போகும் சார்."

ஆய்வாளர் நிதானமாக எழுதினார்: 'ஒயர் தானாகப் போவதாகக் கூறுகிறார்.'

அடுத்த புதன்கிழமை இரண்டு கடிதங்கள் வந்தன. குறைப்புப் பிரிவு, அக்கா இல்லாததால் மேடையில் பாதி வெட்டப்படும் என்றது. சரிபார்ப்புப் பிரிவு, அவள் வீட்டில் ஓர் இடக்கைக்காரரை மறைத்துவைத்திருப்பதாகவும், அது உறுதியானால் வீடே பறிக்கப்படும் என்றும் சொன்னது. இரண்டையும் எடுத்துக்கொண்டு வாரியத்துக்குப் போனாள். இரண்டு பிரிவுக்கும் ஒரே எழுத்தர்தான் இருந்தார். காலையில் குறைப்பு, மதியத்துக்குப் பிறகு சரிபார்ப்பு. இறந்துபோனவள்தான் அந்த இடக்கைக்காரி என்று அவரிடம் சொன்னாள். அவர் கடிதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார். படித்தபோது அவர் முகம் வாடியது போலத்தான் இருந்தது. பிறகு கடிகாரத்தைப் பார்த்தார்.

"காலையில நான் எழுதினதைப் பத்தி மத்தியானம் நான் பேசக்கூடாதும்மா."

நாளை காலை வரட்டுமா என்று கேட்டாள். வரலாம், ஆனால் காலையில் மதியக் கடிதத்தைப் பார்க்க அவருக்கு அதிகாரம் இல்லை என்றார்.

சரிபார்ப்புக்காக ஆய்வாளர் ஏழு காலைகள் அவள் அடுக்களையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தார். ஆறு மணிக்கு வருவார். ஒன்பது மணிக்குப் போவார். நோட்டில் எழுதிக்கொண்டே இருப்பார். முதல் நாள் அவர் எழுதியது அவளுக்கே பிறகுதான் தெரிந்தது: கெட்டிலில் இருவருக்கான கோடு வரை தண்ணீர். டோஸ்டரில் இரண்டு துண்டு. முட்டை, இரண்டு. சமைப்பவர் மேடையின் வலது பாதியில் மட்டும் நிற்கிறார். இடது பாதி காலியாக இருந்தும் அங்கே போவதில்லை. பிளக்கைச் செருகக்கூட எட்டித்தான் செருகுகிறார். யாருக்கோ இடம் விடுவது போல் தெரிகிறது.

எல்லாம் உண்மை. இரண்டாவது முட்டையை அவள் டப்பாவில் போட்டு எடுத்துப்போய்ச் சோதனைக்கூடத்தில் யாருக்காவது கொடுத்துவிடுவாள். இரண்டாவது துண்டு ரொட்டி மாலை வரை கிடந்து விறைத்துப்போகும். ஏன் ஒன்று மட்டும் வைக்கவில்லை என்று ஆய்வாளர் கேட்டார். அவள் அதை ஒரு முடிவாகச் செய்யவில்லை. கை செய்தது.

ஒருவர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது தனியாக டீ குடிக்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது. மூன்றாம் நாள் அவருக்கும் ஒரு கப் கொடுத்தாள். நன்றாக இருக்கிறது என்று சொல்லிக் குடித்தார். குடித்துவிட்டு எழுதினார்: 'தொட்டியில் இரண்டு கப்.'

"சார், அது நீங்க குடிச்ச கப்."

"நான் பார்வையாளர். பார்வையாளர் கணக்குல வரமாட்டார்."

"அப்போ ரெண்டாவது கப் யாருது?"

"அதைத்தான் நாங்களும் கேக்கறோம்" என்றார் ஆய்வாளர், கோபம் இல்லாமல்.

மற்ற நாட்களிலும் அவள் டீ கொடுத்தாள். அவரும் குடித்து, எழுதிக்கொண்டார். ஏழாம் நாள் கிளம்பும்போது, இவ்வளவு அமைதியான அடுக்களையைப் பார்த்ததில்லை, இரண்டு பேர் இருக்கிற வீடு மாதிரியே இல்லை என்று பாராட்டினார்.

எதிர்வீட்டுத் தையற்காரிக்கு விஷயம் தெரிந்ததும் நேராக வந்து உட்கார்ந்துகொண்டாள். பெரியவளின் வயதுதான் அவளுக்கும்.

"ஆள் இருக்குன்னு அவங்களே சொல்றாங்க. நீ எதுக்குடி இல்லேன்னு மல்லுக்கட்டுற? இருக்குன்னு சொல்லிட்டுப் போ. மேடையாவது மிஞ்சும்."

அதற்கும் ஒரு படிவம் இருந்தது. 'இரண்டாம் நபர் ஒப்புதல்.' இதுவரை சொல்லாததற்கு வருத்தம் தெரிவித்து, இரண்டாம் நபரின் பெயரும் கையெழுத்தும் போட்டால் வீடும் தப்பும், நூற்றியிருபதும் அப்படியே இருக்கும். ஆனால் இறந்தவரின் பெயரை எழுதக்கூடாது. அவர் ஏற்கெனவே குறைக்கப்பட்டுவிட்டார். வேறொரு பெயர் வேண்டும். தையற்காரி தன் பெயரையே போடலாம் என்றாள். இடது கையால் கையெழுத்துப் போட வேண்டுமே என்று, வெட்டி மிஞ்சிய துணியில் சாக்பீஸால் போட்டுப் பழகவும் தொடங்கினாள். நான்காவது முறையே நன்றாக வந்துவிட்டது.

சின்னவள் அந்தப் படிவத்தைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். இருபத்தைந்து வருட வேலையில் கண்ணால் பார்க்காத அளவு ஒன்றையும் அவள் குறித்ததில்லை. அது ஒரு காரணம். இன்னொன்று, அக்கா நின்ற இடத்தில் பேப்பரில்கூட இன்னொருத்தியை நிறுத்த அவளுக்கு மனம் வரவில்லை. அந்த அறுபது சென்டிமீட்டர் வேண்டும் என்று அவள் நினைத்ததே அது அக்காவுடையது என்பதால்தான்.

"வேண்டாங்க்கா" என்றாள்.

தையற்காரி துணியில் இருந்த தன் கையெழுத்துகளைத் தட்டி உதறினாள். "நீயும் உன் நேர்மையும். அவளும் இப்படித்தான். கண்ணாடி உங்களுக்கு வேண்டாம்னு வர்றவங்களை அவ திருப்பி அனுப்பினதுல அந்தக் கடைக்காரன் எத்தனை தடவை தலையில அடிச்சிக்கிட்டான்."

விசாரணை துணை ஆணையரின் அறையில் நடந்தது. துணை ஆணையர் ஓர் அம்மாள். அவர் மேஜையில் ஒரு தாள் வைக்கக்கூட இடமில்லை. இரண்டு கெட்டில், ஒரு ஜூஸ் மெஷின், மூன்று டோஸ்டர், காபி மெஷின் ஒன்று. எல்லாம் சாட்சியப் பொருட்கள் என்று எழுத்தர் சொன்னார். காபி மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. சின்னவளின் முகம் தெரியவில்லை என்பதால் துணை ஆணையர் ஒரு டோஸ்டரை நகர்த்திவைத்தார்.

"பயப்படாதேம்மா. நாங்க இரக்கம் இல்லாதவங்க கிடையாது. இரக்கத்துக்குன்னு தனிப் பிரிவே இருக்கு, மூணாவது மாடியில. ஆள்தான் இன்னும் போடலை."

ஆய்வாளர் தன் அறிக்கையைப் படித்தார். பதினான்கு முட்டை, பதினான்கு துண்டு, ஐந்து உபரிக் கப். அதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது சின்னவளுக்கே ஒரு கணம் வீட்டில் யாரோ இருப்பதாகத் தோன்றியது.

துணை ஆணையர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். பிறகு பேசினார். "ஒருத்தருக்கு அறுபதுன்னு ஏன் வெச்சோம் தெரியுமா? அதுக்கு மேல இடம் இருந்தா மனுஷன் பொருள் சேர்ப்பான். பொருள் சேர்ந்தா ஆள் சேரும். ஆள் சேர்ந்தா எங்களால எண்ண முடியாது. எண்ண முடியாத வீட்டுல நிம்மதி எப்படி இருக்கும்? என் வீட்டையே எடுத்துக்க. தனி ஆள். அறுபதே அறுபது. காலையில ஒரு சத்தம் கிடையாது. யாரும் எதையும் இடம் மாத்தி வெக்கறதில்லை." சற்று நிறுத்தினார். "அவ்வளவு நிம்மதி. அதனாலதான் நான் இங்கே ஏழு மணிக்கே வந்துடறேன்."

காபி மெஷின் கொர்ரென்றது.

சாட்சியப் பொருளாக வந்திருந்த சின்னவளின் கெட்டிலை அவள் முன் வைத்தார்கள். ஒயரை வலது பக்கமாக, கடிகாரம் சுற்றுவது போல, சுற்றிக் காட்டச் சொன்னார்கள். அவள் சுற்றினாள். கையை எடுத்ததும் ஒயர் மெல்ல நெளிந்து, அவிழ்ந்து, இடது பக்கம் போய்ப் படுத்துக்கொண்டது. மறுபடி சுற்றினாள். மறுபடி போனது.

துணை ஆணையர் குனிந்து பார்த்தார். "பத்துப் பதினெட்டு வருஷமா ஒரே ஆள் சுத்தினதா?"

"ஆமா."

"அந்த ஆள் நீ இல்லை."

"இல்லை. எங்க அக்கா."

"அப்போ அவங்க இதுல இருக்காங்க."

சின்னவள் நிமிர்ந்து பார்த்தாள். வாரியத்தில் முதல்முறையாக யாரோ தனக்குப் புரிவது போல ஒன்றைச் சொன்னதாக அவளுக்குப் பட்டது. ஆமாம் என்று தலையசைத்தாள்.

"இன்னும் எவ்வளவு நாள் இருப்பாங்க? அதை எழுத்துல கொடுக்க முடியுமா?"

முடியாது என்றாள்.

தீர்ப்பு அங்கேயே எழுதப்பட்டது. மறைத்த குற்றம் மன்னிக்கப்படும். மேடை வெட்டப்படும். நான்கு ஒயர்களும் வலது பக்கம் சுற்றி, கட்டிவைத்து, தொண்ணூறு நாள் திருத்தப்பட வேண்டும். பயன்படுத்தும் நேரம் தவிர அவிழ்க்கக்கூடாது. வீடு அவளுக்கே இருக்க வேண்டுமானால் வாய்மொழி உறுதி ஒன்றும் தர வேண்டும். அறையில் இருக்கும் மூன்று அலுவலர்களுக்கும் தனித்தனியே, முகத்தைப் பார்த்து, ஒரே வாக்கியம். எழுத்தர் அதைத் தாளில் எழுதி அவள் கையில் கொடுத்தார்.

அதைப் படித்தபோதுதான், கடந்த மூன்று மாதத்தில் இந்த ஒன்றை மட்டும் யாரிடமும் சொல்லாமல் தப்பித்து வந்திருக்கிறோம் என்பது அவளுக்குத் தெரிந்தது. படிவத்தில் குறியிட்டிருந்தாள். ஒருவர் என்று எண் சொல்லியிருந்தாள். இதைச் சொன்னதில்லை.

முதலில் எழுத்தரைப் பார்த்தாள். உதடு அசைந்தது. கேட்கவில்லை என்றார் எழுத்தர், தரையைப் பார்த்துக்கொண்டு. மறுபடி சொன்னாள். அடுத்து ஆய்வாளர். பாதியில் காபி மெஷின் இரைந்தது. வாக்கியம் முழுதாகக் காதில் விழவில்லை என்பதால் அவருக்கும் இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருந்தது. துணை ஆணையர் மெஷினை நிறுத்திவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்.

"எங்க வீட்டுல என்னைத் தவிர யாரும் இல்லை" என்றாள் சின்னவள், ஐந்தாம் முறையாக.

"நல்லா தெளிவா சொன்னேம்மா" என்றார் துணை ஆணையர்.

கல் வெட்டுகிறவர் திங்கள்கிழமை வந்தார். எந்தப் பாதியை வெட்ட வேண்டும் என்று தாளில் எழுதியிருக்கவில்லை; 'குறைந்தவரின் பக்கம்' என்று மட்டும் இருந்தது. அவர் கேட்டார். அவள் இடது பக்கத்தைக் காட்டினாள். பிளக் பாயின்ட் அங்கேதானே இருக்கிறது, வலதை வெட்டிக்கொள்ளலாமே என்று அவர் நல்ல மனதோடு சொன்னார். பொய் சொல்ல அவளுக்கு இன்னொரு வாய்ப்பு. அவள் மறுபடியும் இடது பக்கத்தையே காட்டினாள்.

வெட்டும்போது தூசு பறக்கும், வெளியே நிற்கச் சொன்னார். அவள் உள்ளேயே நின்றாள். ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. கல்லைச் சாக்குத்துணியில் சுற்றி, இரண்டு பேர் பிடித்துக் கீழே இறக்கினார்கள். மாடிப்படித் திருப்பத்தில் சுவரில் இடித்துவிடாமல் "மெதுவா, மெதுவா" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு போனது அவளுக்குக் கேட்டது. ஏற்கெனவே ஒருமுறை இதே படியில் இதே வார்த்தையைக் கேட்டிருந்தாள்.

அதன் பிறகு கெட்டிலைப் போட வேண்டுமானால், ஒயரை முழுதும் இழுத்து, மேடை இல்லாத இடத்தின் மேலாகக் கொண்டுபோய்ச் சுவரில் செருக வேண்டியிருந்தது. இடுப்பு உயரத்தில் ஒயர் தொங்கும். அந்தப் பக்கம் யாராவது நின்றால் தடுக்கும். யாரும் நிற்கவில்லை.

அறுபதில் நான்கு சாமான்கள் அடங்கவில்லை. டோஸ்டரும் மிக்ஸியும் அலமாரிக்குப் போயின. முட்டைக் கருவியில் ஒன்று மட்டும் வைக்கக் கற்றுக்கொண்டாள். ஒன்றுக்கு எவ்வளவு தண்ணீர் என்று அதன் மூடியிலேயே எழுதியிருந்தது; இத்தனை வருடத்தில் அவள் அதைப் படித்ததில்லை. ஒயர்களை வலது பக்கமாகச் சுற்றி, நாடாவால் கட்டினாள். முதல் வாரம் நாடாவை அவிழ்த்ததும் ஒயர் துள்ளி இடது பக்கம் போகும். அவள் அதைப் பிடித்து இந்தப் பக்கம் கொண்டுவருவாள். மாதம் ஒன்றானபோது துள்ளவில்லை, நெளிந்தது. பிறகு அதுவும் குறைந்தது. விதியை மீற வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. தினமும் சரியாகக் கட்டினாள்.

தொண்ணூறாம் நாள் ஆய்வாளர் வந்தார். செருப்பைக் கழற்றி, மேடையைத் தடவி, அறுபதை அளந்தார். அலமாரியில் இருந்தவற்றையும் இறக்கிவைக்கச் சொன்னார். ஒவ்வொன்றாக நாடாவை அவிழ்த்தார். இருவரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஒயர் அசையவில்லை. சுற்றிய இடத்திலேயே, வலது பக்கமாக, சாதுவாகக் கிடந்தது. நான்கும் அப்படித்தான்.

"பழகிடுச்சு பாருங்க" என்றார் ஆய்வாளர். அவருக்கு உண்மையான சந்தோஷம். சான்றிதழை எழுதி, முத்திரை குத்தி, மேடைக்கு மேல் சுவரில் ஒட்டச் சொல்லிக் கொடுத்தார். 'இவ்வீட்டில் இரண்டாம் நபர் முழுமையாக நீக்கப்பட்டார்.' போகும்போது வாசலில் சற்றுத் தயங்கினார். டீ கேட்பாரோ என்று நினைத்தாள். கேட்கவில்லை. இப்போது அவர் பார்வையாளர் இல்லை. குடித்தால் கணக்கில் வந்துவிடுவார்.

கதவைச் சாத்திவிட்டு வந்து சின்னவள் கெட்டிலை எடுத்தாள். ஒயரை முழுதும் அவிழ்த்து, விட்டுப் பார்த்தாள். வலது பக்கம் சுருண்டது. இன்னொரு முறை விட்டாள். வலதுதான். மற்ற மூன்றையும் பார்த்தாள். சோதனைக்கூடத்தில் ஒரு பாட்டிலை மூன்று முறை பார்ப்பது வழக்கம். மூன்று முறையும் பார்த்தாள்.

பிறகு கெட்டிலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மேடை இல்லாத இடத்தில் போய், சுவரைப் பார்த்து நின்றாள். அந்த இடத்தில் அவள் நிற்பது அதுதான் முதல்முறை. இடது கையால் ஒயரைப் பிடித்து, எதிர்ப்பக்கமாகச் சுற்றத் தொடங்கினாள். கை வரவில்லை. ஒயரும் வரவில்லை. மூன்றாவது சுற்றில் நழுவியது. மறுபடி முதலிலிருந்து. கடைசியில் எப்படியோ சுற்றி முடித்தபோது, குப்பையில் கிடக்கிற கயிறு மாதிரி இருந்தது. அவிழ்ந்துவிடாமல் நாடாவால் இறுக்கிக் கட்டினாள்.

தொண்ணூறு நாளில் ஒரு ஒயர் பக்கம் மாறும் என்பதை வாரியம் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபித்திருந்தது. அவள் பையிலிருந்து பாட்டில்களில் ஒட்டும் சீட்டு ஒன்றை எடுத்தாள். தேதி, நேரம், இடம் எழுதினாள். அளவு என்ற இடத்தில், 'இடது. முதல் நாள்' என்று எழுதி, கெட்டிலின் அடியில், யாரும் பார்க்காத இடத்தில் ஒட்டினாள்.

பிறகு டோஸ்டரை எடுத்தாள்.